ஷோகாயாகி: தண்ணீர் எங்கிருந்து வந்தது?

முதல் தடவை நான் செய்த ஷோகாயாகி குப்பைக்குத்தான் போனது. டோக்கியோவில் குப்பைக்குப் போவதும் அவ்வளவு சுலபம் இல்லை. ஈரத்தை வடித்து, காகிதத்தில் சுற்றி, பையில் கட்டி, எரிக்கும் குப்பை எடுக்கும் நாள் வரைக்கும் அதே ஒற்றை அறையில் அதோடு குடித்தனம் நடத்த வேண்டும். நான் சமைத்தது சனிக்கிழமை ராத்திரி. வண்டி வந்தது செவ்வாய்க்கிழமை. நடுவில் கதவைத் திறக்கும்போதெல்லாம் கருகின சர்க்கரை வாடையும் பூண்டு வாடையும் வாசலுக்கே வந்து என்னை வரவேற்றன.

பூண்டு எப்படி வந்தது என்று ஷோகாயாகி தெரிந்தவர்கள் கேட்பார்கள். சொல்கிறேன்.

ஷோகா என்றால் இஞ்சி. யாகி என்றால் வாட்டியது, சுட்டது. முன்னால் ‘புட்டா நோ’ சேர்த்தால் பன்றிக்கறி என்று ஆகிவிடும். மெல்லிய சீவல்களாக நறுக்கிய பன்றிக்கறியை வாட்டி, சோயா சாஸ், மிரின் என்ற இனிப்புத் திரவம், சாக்கே என்ற அரிசி மது, துருவிய இஞ்சி கலந்த சாற்றை ஊற்றிச் சுண்ட வைத்தால் முடிந்தது. பக்கத்தில் நூல் நூலாக நறுக்கிய பச்சை முட்டைக்கோஸ் ஒரு குவியல், ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் மிசோ சூப். ஜப்பானில் இதை விருந்துக்கு யாரும் வைப்பதில்லை. நம் வீடுகளில் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் எப்படியோ அங்கே இது அப்படி. அம்மாக்கள் வாரநாள் ராத்திரியில் அவசரமாகச் செய்வது, மிச்சமானதை மறுநாள் மதிய டப்பாவில் அடைப்பது.

ஊரில் இருந்தவரை நான் பன்றிக்கறி சாப்பிட்டதில்லை. வீட்டில் தடை எதுவும் கிடையாது, வாங்கும் பழக்கம்தான் இல்லை. நிஷி-கசாயில் வாடகைக்கு அறை எடுத்து, டோசாய் ரயிலில் ஆபீஸ் போய்வர ஆரம்பித்த முதல் குளிர்காலத்தில், நடுவழியில் மோன்சென்-நகாச்சோவில் இறங்கி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். கணவன், மனைவி இரண்டே பேர் நடத்தும் கடை. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் எனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து ‘யாகி’ மட்டும்தான். அதைக் காட்டினேன். வந்தது ஷோகாயாகி சாப்பாடு, 850 யென், சோறு இன்னொரு கிண்ணம் இலவசம். இரண்டாவது கிண்ணமும் காலியானபோது, இஞ்சியை இத்தனை வருஷம் நாம் துணைவேஷத்திலேயே நடிக்க வைத்துவிட்டோமே என்று தோன்றியது. நம் குழம்பில் இஞ்சி கூட்டத்தில் ஒருத்தன். இதில் அவன்தான் கதாநாயகன்.

கடைக்கார அம்மாவை எல்லோரும் ‘ஒபாச்சான்’ என்று கூப்பிடுவார்கள். அத்தை, பெரியம்மா என்ற அர்த்தத்தில் உரிமையாகச் சொல்வது. அறுபதைத் தாண்டிய அவர் என்னை ‘ஒனீ-சான்’ என்பார். அப்படியென்றால் அண்ணா. நம் ஊர்க் கடைகளில் வெள்ளைத் தாடிக்காரர் நம்மைப் பார்த்து “சொல்லுங்கண்ணே” என்பாரே, அதே கணக்கு. அந்த ஒரு வார்த்தைக்காகவே வாரம் ஒரு முறை போக ஆரம்பித்தேன்.

சரி, அந்தப் பாழான சனிக்கிழமைக்கு வருகிறேன்.

என் தலைக்குள் இருந்தது நம் கறிச் சமையல். கறி என்றால் முதல் நாளே மசாலாவில் ஊறினால்தான் உள்ளே பிடிக்கும். கறி என்றால் இஞ்சி பூண்டு விழுது. கறி என்றால் மூடி போட்டு வேக வைக்க வேண்டும். மூன்றையும் அப்படியே செய்தேன். நிஷி-கசாயில் இந்திய மளிகைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பாட்டிலில் அடைத்த இஞ்சி பூண்டு விழுது வாங்கி, சோயா சாஸ், மிரினோடு கலந்து, அரைக் கிலோ கறியை வெள்ளி ராத்திரியே ஊற வைத்தேன். மறுநாள் அவ்வளவையும் ஒரே தடவையில் வாணலியில் கொட்டி மூடினேன். ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தால் கறி சாம்பல் நிறத் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தது. தண்ணீர் வற்றட்டும் என்று தீயைக் கூட்டினேன். அது வற்றி முடிவதற்குள் கறி ரப்பராகிவிட்டது, அடியில் சர்க்கரை கருகிவிட்டது. நடுவில் சில துண்டுகள் மட்டும் மாவு மாவாகப் பிசுபிசுத்தன. ரப்பரும் மாவும் ஒரே தட்டில் எப்படி வரும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் ஒபாச்சானிடம் என் அரைகுறை ஜப்பானிய மொழியில் நடந்ததைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தண்ணீர் எங்கிருந்து வந்தது?”

நான் தண்ணீர் ஊற்றவில்லையே என்றேன்.

“அதைத்தான் கேட்கிறேன். நீ ஊற்றவில்லை. அப்போ எங்கிருந்து வந்தது?”

இதற்குப் பதில் தேடியதில்தான் நான் ஷோகாயாகி கற்றுக்கொண்டேன். இன்றுவரை எனக்கு இது இஞ்சிச் சமையலாகத் தெரியவில்லை, தண்ணீரோடு மல்லுக்கட்டும் சமையலாகத்தான் தெரிகிறது. நம் குழம்பில் கறி விடும் தண்ணீர் நமக்குச் சொத்து. அதில்தான் மசாலா வேகும், அதைத்தான் சோற்றில் பிசைவோம். இங்கே அதே தண்ணீர் சத்துரு.

முதல் தண்ணீர் கறியின் மேலேயே இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் தட்டில், கறிக்கு அடியில் ஈரம் உறிஞ்சும் ஒரு தாள் வைத்திருப்பார்கள். அது நனைந்து சிவந்திருந்தால், கறியும் அவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். இப்போதெல்லாம் சீவல்களைக் கிச்சன் பேப்பரில் பரப்பி, மேலே இன்னொரு பேப்பரை வைத்து ஒற்றி எடுக்கிறேன். கறியைக் கழுவுவதில்லை. நம் ஊரில் நாலு தண்ணீரில் அலசாமல் கறி சட்டிக்குள் போகாது, அதனால் இந்தப் பழக்கத்தை விட எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. கழுவினால் ஈரம் ஏறுவதோடு, தெறிக்கும் தண்ணீர் தொட்டி, மேடை எல்லா இடத்துக்கும் கிருமியைக் கொண்டுபோகும்.

இரண்டாவது தண்ணீர் கூட்டத்தால் வருவது. என் வாணலி 26 சென்டிமீட்டர். அதில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் படுக்க வைத்தால் ஐந்தாறு சீவல்தான் பிடிக்கும். அதற்கு மேல் போட்டால் வாணலியின் சூடு இறங்கிவிடுகிறது, கறி விடும் சாறு ஆவியாகப் போவதற்குப் பதில் அடியில் தேங்கி, வறுவல் அவியலாகிவிடுகிறது. இரண்டு பேருக்கு 250 கிராம் என்றால் நான் இரண்டு ஈடாகப் போடுகிறேன். தோசைக்கல்லில் ஒரே நேரத்தில் நாலு தோசை ஊற்ற நினைக்காத நாம் கறிக்கு மட்டும் ஏன் அவசரப்படுகிறோமோ தெரியவில்லை.

மூன்றாவது, மூடி. மூடவே கூடாது. அவ்வளவுதான்.

நான்காவது வெங்காயம். ஷோகாயாகியில் வெங்காயம் கட்டாயம் இல்லை. ஒபாச்சான் கடையில் போடுவார்கள், என் ஆபீஸ் சீனியர் வீட்டில் போடுவதில்லையாம். எனக்கு அந்த இனிப்பு பிடிக்கும் என்பதால் போடுகிறேன். ஆனால் வெங்காயத்தைக் கறியோடு சேர்த்துப் போட்டால் அது விடும் தண்ணீரில் கறி வெந்துவிடும். அரை வெங்காயத்தை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, முதலில் தனியாக வதக்கி, ஓரம் நிறம் மாறினதும் தட்டில் எடுத்து வைத்துவிட வேண்டும். கடைசியில்தான் அது திரும்ப வாணலிக்குள் வரும்.

ஊற வைக்கும் விஷயம் தனிக் கதை. இஞ்சியில் புரதத்தை அறுக்கும் ஒரு என்சைம் இருக்கிறது, பெயர் ஜிஞ்சிபெயின். பப்பாளிக்காயில் இருக்கும் பப்பெயின் கறியை எப்படி மெதுவாக்குமோ அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. பத்து நிமிஷம் ஊறினால் நல்லது. ராத்திரி முழுக்க ஊறினால், மூன்று மில்லிமீட்டர் தடிமன் கூட இல்லாத சீவல் என்ன ஆகும்? மேல்புறம் கூழாகிவிடும். சோயா சாஸ் உப்பு இன்னொரு பக்கம் உள்ளே இருந்த சாற்றை வெளியே இழுத்துவிடும். என் தட்டில் ரப்பரும் மாவும் சேர்ந்து வந்ததற்கு இதுதான் காரணம். இதில் ஒரு வேடிக்கை. ஜிஞ்சிபெயின் என்ற பெயர் இஞ்சியின் தாவரப் பெயரான ஜிஞ்சிபர் என்பதிலிருந்து வந்தது. அதைப் பின்னோக்கித் துரத்திக்கொண்டு போனால், கிரேக்கம், பிராகிருதம் எல்லாம் தாண்டி ‘இஞ்சி’, ‘வேர்’ என்ற திராவிடச் சொற்களில் போய் முட்டும் என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அதாவது என் கறியைக் கூழாக்கினது நம்ம ஊர்ப் பெயர் வைத்திருக்கும் ஆள்.

ஊற வைத்துச் செய்யும் ஜப்பானிய வீடுகளும் உண்டு. தப்பில்லை. கொஞ்சம் தடிமனான கறிக்கு அது பொருந்தும். ஆனால் சாறு ஒட்டிய கறி வாணலியில் சீக்கிரம் கருகும், அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். எனக்கு ஊறவைக்காத வழிதான் கைக்கு வந்தது. கறியை வெறுமனே வாட்டி, சாற்றைக் கடைசியில் ஊற்றுவது.

இந்தச் சாறு விஷயத்திலும் ஒரு தடவை அடி வாங்கினேன். சாற்றுக்கு ஒபாச்சான் சொன்ன கணக்கு ரொம்ப எளிது: சோயா சாஸ் இரண்டு கரண்டி, மிரின் இரண்டு, சாக்கே இரண்டு. கரண்டி என்றால் ஏதோ ஒரு கரண்டி இல்லை, ‘ஓசாஜி’, சரியாக 15 மில்லி பிடிக்கும் அளவுக் கரண்டி. ககாவா ஆயா என்ற சத்துணவு அறிஞர் 1948-ல் இந்த அளவுக் கரண்டிகளையும் 200 மில்லி கோப்பையையும் வகுத்துக் கொடுத்தார். அதனால் அங்கே எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் அளவு ஒரே மாதிரி இருக்கும். கண்ணளவில் சமைத்தே பழகின எனக்கு இது முதலில் பள்ளிக்கூட லேப் மாதிரி இருந்தது. ஆனால் தெரியாத சாமான்களை வைத்துக்கொண்டு கண்ணளவு எங்கிருந்து வரும்? பத்து தடவை அளந்து செய்த பிறகுதான் கண்ணுக்கு அளவு பழகியது.

மிரின் வாங்கப் போனால் அலமாரியில் இரண்டு வகை இருந்தது. ஒன்று மலிவு, ஒன்று விலை கூட. மலிவானதை எடுத்தேன். அது ‘மிரின் மாதிரி’. சர்க்கரைப் பாகும் புளிப்பும் சேர்த்த திரவம், ஆல்கஹால் ஒரு சதவீதம் கூட இருக்காது. உண்மையான மிரினுக்கு ‘ஹோன்-மிரின்’ என்று பெயர். ஒட்டும் பதமுள்ள பசையரிசி, கோஜி என்ற பூஞ்சணம் ஏற்றின அரிசி, ஷோச்சு என்ற காய்ச்சின மது மூன்றும் சேர்ந்து ஊறி வருவது. ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அடுத்த தடவை அதை எடுத்துக்கொண்டு போனால், பில் போடும் இடத்தில் திரையில் உங்களுக்கு 20 வயது ஆகிவிட்டதா என்று கேள்வி வந்தது. சமையலுக்கு வாங்கும் சாமானுக்கு வயது கேட்கிறார்களே என்று நான் விழிக்க, பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். சட்டப்படி அது மது, அதனால்தான். அதே காரணத்தால்தான் சமையல் சாக்கே என்று விற்பதில் உப்பு கலந்திருக்கிறார்கள். குடிக்க முடியாதபடி செய்துவிட்டால் மது வரியும் கிடையாது, மது விற்கும் உரிமமும் தேவையில்லை. விலையும் குறையும்.

நான் அந்த உப்பைக் கவனிக்கவில்லை. சோயா சாஸில் ஏற்கெனவே நூற்றுக்குப் பதினாறு பங்கு உப்பு. அதோடு சமையல் சாக்கே உப்பு. போதாததற்கு, கறியாயிற்றே என்று கைப்பழக்கத்தில் நானும் ஒரு சிட்டிகை போட்டிருந்தேன். வாயில் வைக்க முடியவில்லை. இப்போது குடிக்கும் சாக்கேயில் மலிவானது ஒரு காகிதப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். சமையல் சாக்கேதான் கிடைக்கிறது என்றால் சோயா சாஸைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். தனி உப்பு எந்தக் கட்டத்திலும் வேண்டாம். மது கலந்தது எதுவும் ஆகாது என்பவர்கள் மிரினுக்கும் சாக்கேக்கும் பதிலாகத் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை கரைத்து ஊற்றலாம். அந்தப் பளபளப்பு முழுதாக வராது, ருசி பக்கத்தில் வரும்.

இஞ்சிக்கு வருகிறேன். இரண்டு பேருக்குக் கட்டைவிரல் மேல்பாதி அளவு ஒரு துண்டு, 15 முதல் 20 கிராம். விழுது பாட்டில் வேண்டவே வேண்டாம். பூண்டு போடும் வீடுகள் ஜப்பானிலும் இருக்கின்றன, இரண்டு பல்லுக்குச் சமமான அளவெல்லாம் இல்லை, லேசாக. நான் போடுவதில்லை, ஏனென்றால் பூண்டு வந்த இடத்தில் இஞ்சி வாய் திறப்பதில்லை. துருவுவதற்கு நூறு யென் கடையில் ஒரு துருவல் வாங்கினேன். நம் தேங்காய்த் துருவல், கேரட் துருவல் போல அதில் ஓட்டைகள் இருக்காது. பல் மட்டும்தான், கீழே துருவினது சேர ஒரு பள்ளம். சாறு ஒரு சொட்டுக் கூட வீணாகாது. இஞ்சியின் நாருக்குக் குறுக்கே, வட்டமாகச் சுழற்றித் துருவினால் நார் வாயில் மாட்டாது. தோலைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், வாசனை தோலை ஒட்டித்தான் அதிகம்.

பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளில் இருக்கிறது. சமைத்தால் அது மெதுவாக மாறி, காரம் தணிந்து, இனிப்பான வாசனைக்குப் போய்விடும். காயவைத்தால் நேர்மாறு, காரம் ஏறும். சுக்கு ஏன் பச்சை இஞ்சியைவிட உறைக்கிறது என்றால் இதனால்தான். அந்தச் சுக்குக் காரத்துக்கு வேதியியலில் ஷோகாவோல் என்று பெயர், இதே ஜப்பானிய ‘ஷோகா’விலிருந்து வைத்த பெயர். நம் பாட்டிகள் இடித்த சுக்குக்குள் ஒரு ஜப்பானியச் சொல் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்குத் தெரிந்த அன்று உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சமையலுக்கு இதிலிருந்து கிடைத்தது என்னவென்றால், துருவின இஞ்சியை இரண்டு பங்காக்குகிறேன். முக்கால்வாசி சாற்றில் கலந்துவிடும். மீதியை அடுப்பை அணைத்த பிறகு மேலே போட்டு ஒரு புரட்டு. முதல் பங்கு சோற்றுக்கு, இரண்டாவது பங்கு மூக்குக்கு.

கறி வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம். சூப்பர் மார்க்கெட்டில் ‘ஷோகாயாகிக்கு’ என்றே எழுதி, முதுகுப் பக்கத்து ரோசு கறியைச் சீவி வைத்திருப்பார்கள். அழகாக இருக்கும், ஆனால் கொழுப்பு ஓரத்தில் மட்டும் இருப்பதால் கொஞ்சம் அசந்தால் வறண்டுவிடும். தோள் பக்கத்து ‘கட்டா-ரோசு’ என் கட்சி. கொழுப்பு உள்ளே கலந்திருக்கும், தப்பு செய்தாலும் மன்னிக்கும். மாதக் கடைசியில் ‘கோமாகிரே’, அதாவது உதிரிச் சீவல். சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு மேல் போனால் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்ட ஊழியர் வருவார், அவர் பின்னாலேயே நாலு பேர் நடிப்போடு உலாத்திக்கொண்டிருப்போம்.

ரோசு சீவல் வாணலியில் பட்டதும் கிண்ணம் போலக் குழிந்துகொள்ளும், நடுப்பகுதி வாணலியைத் தொடாது. கொழுப்புக்கும் கறிக்கும் நடுவே ஓடும் நரம்பு சுருங்குவதால் வருவது. அந்தக் கோட்டின் குறுக்கே கத்தி நுனியால் இரண்டு விரலுக்கு ஒரு வெட்டு போட்டால் சீவல் சமர்த்தாகப் படுத்திருக்கும். வாட்டுவதற்குச் சற்று முன் மைதாவையோ ‘கட்டாகுரிகோ’ என்ற உருளைக்கிழங்கு மாவையோ சல்லடையில் சலித்தது போல் மெலிதாகத் தூவித் தட்டிவிடுங்கள். மாவு கறியின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், கடைசியில் சாறு அதில் ஒட்டிக்கொள்ளும். இதுவும் தண்ணீர்க் கணக்குதான். ரொம்ப முன்னாலேயே தூவினால் பிசினாகிவிடும், அதை நான் செய்து பார்த்துவிட்டேன், நீங்கள் செய்ய வேண்டாம்.

அப்புறம் எல்லாம் ஐந்து நிமிஷ வேலை. அதனால் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே சாறு கலந்து பக்கத்தில் இருக்க வேண்டும், சோறு வெந்திருக்க வேண்டும், முட்டைக்கோஸ் தட்டில் ஏறியிருக்க வேண்டும். வெங்காயம் வதக்கி எடுத்தாயிற்று. ஒரு கரண்டி எண்ணெய், நடுத்தீக்குச் சற்று மேல். சீவல்களை ஒவ்வொன்றாக விரித்துப் படுக்க வைத்து, ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் தொடாமல் விடுங்கள். கிண்டத் துடிக்கும் கையை நான் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். ஓரம் வெளுத்து, அடி பொன்னிறமானதும் திருப்பி அரை நிமிஷம். இரண்டாவது ஈடும் அப்படியே. வாணலியில் தேங்கின கொழுப்பைப் பேப்பரால் துடைத்துவிட்டு, கறி, வெங்காயம் எல்லாவற்றையும் சேர்த்து, சாற்றை ஊற்ற வேண்டும். கொழுப்பைத் துடைக்காவிட்டால் சாறு கறியில் ஒட்டாமல் எண்ணெய் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

ஊற்றினதும் பொடிப் பொடிக் குமிழாக நுரைக்கும். அது தண்ணீர் போகிற நேரம். கொஞ்சத்தில் குமிழ்கள் பெரிதாகி, மெதுவாக, தேன்பாகு கொதிப்பது போல வெடிக்கும். வாணலியைச் சாய்த்தால் சாறு ஓடாமல் தயங்கி நகரும். அங்கே அணைத்துவிட வேண்டும். எனக்கு ஒரு நிமிஷம் ஆகிறது. இன்னும் பதினைந்து வினாடி விட்டால் கருகல், முன்னாலேயே அணைத்தால் தட்டில் குளம்.

பன்றிக்கறியில் அரைவேக்காடு கூடாது என்பதை மட்டும் நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2015-ல் ஜப்பான் அரசு பன்றிக்கறியையும் ஈரலையும் பச்சையாகப் பரிமாறுவதற்கே தடை போட்டது. மீன், கோழி வரைக்கும் பச்சையாகச் சாப்பிடத் துணிகிற ஊரில் அப்படி ஒரு சட்டம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். மெல்லிய சீவலில் இளஞ்சிவப்பு எங்கும் தெரியவில்லை என்றால் வெந்துவிட்டது. பச்சைக் கறியை எடுத்த குச்சியால் வெந்த கறியைத் தொடாமல் இருப்பதுதான் நாம் மறப்பது. எனக்கு இப்போது இரண்டு ஜோடி, ஒன்றின் முனையில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.

முட்டைக்கோஸைப் பற்றிப் பேசாமல் விட்டால் ஒபாச்சான் கோபித்துக்கொள்வார். ஆரம்பத்தில் நான் பொரியலுக்கு நறுக்குவது போல நறுக்கி வைத்தேன். மாடு மாதிரி மென்றுகொண்டிருந்தேன். இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து, தண்டை நீக்கி, மூன்று நாலு இலைகளைச் சுருட்டி, நரம்புக்குக் குறுக்கே ஒரு மில்லிமீட்டருக்கு நறுக்க வேண்டும். ‘செங்கிரி’ என்று பெயர், ஆயிரம் வெட்டு. கை வராதவர்களுக்கென்றே அகல வாய் சீவி விற்கிறார்கள், நான் வெட்கப்படாமல் வாங்கிவிட்டேன். நறுக்கினதைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டால் நெட்டி முறிப்பது போல நிமிர்ந்துகொள்ளும். ரொம்ப நேரம் போட்டால் ருசியும் சத்தும் தண்ணீரோடு போய்விடும். முக்கியமானது அடுத்தது: ஈரத்தை முழுக்க உதற வேண்டும். எல்லாத் தண்ணீரையும் விரட்டிப் பாடுபட்டுச் சுண்ட வைத்த சாற்றை, கடைசியில் முட்டைக்கோஸ் தண்ணீரில் கரைத்த நாளும் என் வாழ்க்கையில் உண்டு.

பொரித்த கறிக்குப் பக்கத்தில் பச்சை முட்டைக்கோஸ் வைக்கும் வழக்கத்தை கின்சாவில் 1895-ல் தொடங்கிய ரெங்காதெய் என்ற உணவகத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். ருஷ்யாவோடு ஜப்பான் போரிட்ட காலத்தில் சமையல்கட்டில் ஆள் போதாமல், வேகவைத்த காய்க்குப் பதிலாகப் பச்சைக் கோஸை நறுக்கி வைத்தார்கள் என்பது கதை. அவசரத்துக்குச் செய்தது நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. ஷோகாயாகி தட்டில் அந்தக் கோஸின் அடிப்பகுதி, சாறு இறங்கி நனைந்த இடம் இருக்கிறதே, கறியைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். சிலர் ஓரத்தில் ஒரு சொட்டு மயோனைஸ் வைத்துக்கொள்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன்.

சோறு ஜப்பான் அரிசியாகத்தான் இருக்க வேண்டும். இந்தியக் கடை பாஸ்மதியில் சாப்பிட்டுப் பார்த்தேன். சாறு இடுக்கில் புகுந்து கீழே போய்விட்டது, சோறு தனி, கறி தனி. ஒட்டும் சோற்றில் ஒரு சீவலைப் போர்வை போலப் போர்த்தி, குச்சியால் சேர்த்து எடுத்து வாயில் வைக்கும்போதுதான் ஒபாச்சான் கடைக்காரர்கள் ‘கோஹான் கா சுசுமு’ என்பதன் அர்த்தம் புரிந்தது. சோறு தானாக முன்னேறிப் போகும் என்று பொருள். நாம் “சோறு இறங்கும்” என்கிறோம், அது மாதிரி.

நாலாவது தடவை சரியாக வந்ததும் போனில் படம் எடுத்து ஒபாச்சானிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, தட்டின் அடியைப் பெரிதாக்கிப் பார்த்தார். “தண்ணீர் இல்லை” என்றார். அவ்வளவுதான், பாராட்டு எதுவும் இல்லை. அன்றைக்கு எனக்கு ஊறுகாய் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

போன ஏப்ரலில் அம்மா வந்திருந்தார். அம்மாவுக்குப் பன்றிக்கறி ஆகாது, அதனால் கோழித்தொடையில் செய்தேன். தடிமனான இடங்களைக் கத்தியால் திறந்து சமமாக்கி, தோல் பக்கம் அடியில் படும்படி ஆறேழு நிமிஷம் பொறுமையாக வாட்டி, திருப்பி உள்ளே வேகும்வரை விட்டு, அதே சாற்றை ஊற்றினால் போதும். கத்தரிக்காயிலும் செய்யலாம், எண்ணெய் மட்டும் கொஞ்சம் கூடக் குடிக்கும். அம்மா மிரின் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, “இது சாராயம்தானேடா?” என்றார். பில் போடும் இடத்தில் என் வயதைக் கேட்ட கதையைச் சொன்னேன், நம்பவில்லை. சாப்பிடும்போது கறியைவிட வசந்த காலத்து இளங்கோஸைத்தான் அதிகம் சாப்பிட்டார், சாறு நனைந்த அடிப்பகுதியாகப் பார்த்து. “பச்சையாவே நல்லாத்தான் இருக்கு. ஆனா இஞ்சிய இப்படியா போடுவாங்க, ஒரு கடுகு கூட தாளிக்காம?”

சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவுகிறேன் என்று போனவர், இஞ்சித் துருவலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இதுல ஓட்டையே இல்லையே, துருவுனது எங்க போகும்?” பள்ளத்தைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கவிழ்த்து வைத்தார்.

அம்மா ஊருக்குத் திரும்பின வாரம் ஷோகாயாகி செய்யலாம் என்று பார்த்தால் துருவலைக் காணோம். அலமாரி, அடுப்புக்குப் பின்னால், குப்பைப் பை வரைக்கும் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா டீ போட்டுக்கொண்டே பேசினார். பின்னால் இருந்து சரக் சரக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.